பயூமியின் இடது தொடை

கெய்ரோவில் அந்தச் சந்துக்குள் உஸ்தா பயூமியின் வலது தொடை முதலில் நுழையும். பின்னாலேயே பயூமி வருவார். இடது தொடை மட்டும் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சாவகாசமாக வந்து சேரும். கூட்டிச் சொல்வதாகத் தோன்றினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மிச்சமே போதும்.

எல்லாம் தொழில் செய்த வேலை. காலால் இஸ்திரி போடுகிறவர் அவர்; 'உஸ்தா' என்றால் கைதேர்ந்த தொழிலாளி. இருபது கிலோ இரும்புப் பெட்டியை அடுப்பில் காய்ச்சி, தரையோடு தாழ்ந்த பலகையில் வைத்து, பெட்டிமேல் மரக்கட்டை, கட்டைமேல் வலது பாதம். நீளக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி மிதித்துத் தள்ள வேண்டும். இருபத்திரண்டு வருடம் தள்ளியதில் ஒரு கால் காளையாகிவிட்டது, மற்றது கொக்காகவே நின்றுவிட்டது.

நாற்பத்தொரு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. வட்டார ஆணழகன் போட்டி மேடையில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். விண்ணப்பத்தில் ஜிம்காரர் கேப்டன் வக்தியின் கையெழுத்து வேண்டும்.

"குறிக்கோள் என்ன உஸ்தா?" என்றார் கேப்டன்.

"பெரிசாகணும் கேப்டன்."

"எருமைகூடத்தான் பெரிசு. அளவு சொல்லுங்க."

அளவெடுக்க ஆள் வீட்டிலேயே இருந்தாள். மனைவி இன்ஷிராஹ் தையல்காரி. வலது அறுபத்து நான்கு சென்டிமீட்டர், இடது ஐம்பத்தேழு.

பயூமி மூன்று மாதம் பேய் மாதிரி பயிற்சி செய்தார். காலையில் ஃபூல் பயறு, மத்தியானம் ஃபூல் பயறு, நடுவில் எட்டு முட்டை. முட்டைக்காகவே இன்ஷிராஹ் இரண்டு கல்யாண உடுப்பு கூடுதலாகத் தைத்தாள். மறுபடி நாடா பிடித்தாள். வலது அறுபத்தாறு, இடது ஐம்பத்தொன்பது.

"ரெண்டும் வளர்ந்திருக்கு!" என்று குதித்தார் பயூமி.

"வளர்ந்துச்சு சரி. ஏழு அப்படியே நிக்குதேய்யா," என்றாள் அவள்.

கேப்டனும் அதையேதான் சொன்னார். "பெரிசாகறது இல்ல உஸ்தா உங்க குறிக்கோள். சமமாகறது. வலது காலுக்கு லீவு குடுங்க. ஜிம்ல மட்டுமில்ல, கடையிலயும். மாசம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி குறையணும், அவ்வளவுதான். வசந்தத்துல நானே அளப்பேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா கையெழுத்து கிடையாது."

கடையிலும் என்றால் இடது காலால் இஸ்திரி. அந்தக் கால் பெட்டியைக் கண்டதே இல்லை. முதல் நாளே ஒரு சட்டையில் காலர் கருகியது. நாலு நாளில் வாடிக்கை போய்விடும், போட்டிக்கு முன்னால் அடுப்பு அணைந்துவிடும் என்று பயூமி வாயில் போட்ட முட்டையைக்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தார்.

இன்ஷிராஹ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். "கருகினாலும் பரவாயில்லைங்கற துணி இருந்தா குடுங்க. எங்க வீட்டு இடது காலுக்குப் பள்ளிக்கூடம் வைக்கணும்."

சந்து சிரித்தது, பிறகு கொடுத்தது. போர்வை, திரைச்சீலை, மாமனாரின் பைஜாமா. ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஹாஜி மெத்வல்லி, மடிப்பு ஒரு நூல் விலகினால் திருப்பி அனுப்புகிறவர், தன் நல்ல கலபியா அங்கியையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஹாஜி, இது வேணாம். நாசமாயிடும்!"

"டேய், பழந்துணியில பழகினா பழந்துணிக்காரனாத்தான் இருப்ப. பயந்துகிட்டே மிதி, அப்பத்தான் கால் கத்துக்கும்."

கலபியாவின் முதுகில் பெட்டி கருக்கிய முத்திரை பளிச்சென்று விழுந்தது. ஹாஜி அதைப் போட்டுக்கொண்டே வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனார். பின்வரிசைக்காரர்கள் நெற்றி தரையில் படும் ஸஜ்தாவில் சிரிப்பை அடக்கித் தரையைக் கடித்தார்களாம். அந்தக் குளிர்காலத்தில் முத்திரை இல்லாத முதுகு அந்தச் சந்தில் வெளியூர்க்காரனுடையது.

மாதம் ஒன்று, ஏழு ஆறானது. அடுத்த மாதம் அசையவே இல்லை. பயூமிக்கு அழுகை முட்டியது. "அசையலன்னா தப்பு காலில இல்ல, தூக்கத்தில. சீக்கிரம் படுங்க," என்றார் கேப்டன். படுத்தார். நான்கானது, மூன்றானது. சும்மா இருந்த வலது கால் தானாகவே கொஞ்சம் வற்றிக் கொடுத்த உதவியும் அதில் உண்டு.

வசந்தத்தில் கேப்டன் நாடாவை இன்ஷிராஹிடம் வாங்கி, மண்டி போட்டு அளந்தார். வலது அறுபத்து மூன்று. இடது அறுபத்தொன்றரை.

ஒன்றரை. அரை சென்டிமீட்டர் அதிகம்.

பயூமி சட்டையை எடுத்து மாட்டினார். "பரவாயில்ல கேப்டன். சொன்னது சொன்னதுதான். அடுத்த வருஷம் அளப்போம். இவ்வளவு தூரம் என்னை நடத்திட்டு வந்தீங்களே."

கேப்டன் நாடாவைச் சுருட்டவில்லை. "உஸ்தா, போட்டிப் பட்டியல மூட இன்னும் பதினொரு நாள் இருக்கு. அளக்க நாள் குறிச்சது நான்தானே? பத்தாம் நாள் வாங்க."

அந்தப் பத்து நாள் சந்தில் ஒருவரும் துணியைக் கையால் தேய்க்கவில்லை. பயூமி கடை வாசலில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. எல்லாம் இடது காலுக்கு. பத்தாம் நாள் இடது தொடையில் நாடா அறுபத்திரண்டைத் தொட்டது. கேப்டன் அங்கேயே, பயூமியின் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

போட்டியில் ஒன்பது பேர். பயூமிக்கு ஐந்தாவது இடம். நடுவர் "திரும்பு" என்றதும் எண்ணெய் மினுங்கத் திரும்பி நின்றார், இரண்டு காலிலும் சமமாக. கேடயம் கிடைக்கவில்லை. இறங்கி வந்தவர் முதலில் இன்ஷிராஹின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஹாஜியின் கையை.

"விடுடா, எண்ணெய் ஒட்டுது," என்றார் ஹாஜி. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.