குழல் என்று மட்டும் சொன்னேன்

நான் என் மனைவியிடம் பொய் சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். என் வழி வேறு. யாராவது எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டால், அந்தத் தப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தால், திருத்தாமல் விட்டுவிடுவேன்.

உதாரணத்துக்கு, டெக்சஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரர். நாங்கள் குடிவந்த வாரமே என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த இந்தியர் டாக்டராம். ஆகவே நானும் டாக்டர். நான் நியூ ஜெர்சியில், பார்சிப்பனி என்ற ஊரில், ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்து ரிடையரானவன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் டாக்டர் என்று சொன்ன அதே மூச்சில் முழங்காலைக் காட்டி என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டார். நானும் வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டேன். மருந்து கொடுத்த பிறகு டாக்டர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மகள் இங்கே இருக்கிறாள் என்பதற்காகத்தான் நியூ ஜெர்சியை விட்டு வந்தோம். வருவதற்கு முன்னால் என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அந்த ஊர்ல எல்லாரும் துப்பாக்கி வெச்சிருப்பாங்களாமா. நம்ம ஊட்டுக்குள்ள அது வரப்படாது. சத்தியம் பண்ணுங்க." அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றைக்கு எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எனக்குத் துப்பாக்கி எதற்கு?

எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரரின் கராஜில் தெரிந்தது. அவருடைய தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சண்டைக்கென்று செய்த ஷாட்கன்; ஒரு தடவை சுட்டால் ஒரு கொத்துக் குண்டுகள் சேர்ந்து பாயும். குழலின் மேல் ஓட்டை ஓட்டையாக ஓர் எஃகு உறை; சூடான குழல் கையைச் சுடாமல் இருப்பதற்காம். முனையில் கத்தி மாட்ட ஒரு கொக்கி. பின்னால் தோளில் வைக்க வால்நட் மரக் கட்டை. பழசு என்பதால் அதை அவர் சுடுவதில்லை. "இதே மாதிரி புதிதாக ஒன்று செய்யலாம், டாக்டர்" என்றார். கடையில் முறைப்படி ஒரு புதுத் துப்பாக்கி வாங்கி, அதன் பிளாஸ்டிக்கை எல்லாம் கழற்றிவிட்டு, மரமும் உறையும் மாட்டிப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருவது.

நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தவன். படித்து முடித்ததிலிருந்து என் கையால் ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. ஆயுள் முழுக்கத் திரையைப் பார்த்தேன். அந்த ஓட்டைகள் வரிசையாக இருந்த அழகைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. சத்தியம் நினைவுக்கு வரத்தான் செய்தது. "ஊட்டுக்குள்ள" என்றுதானே சொன்னாள்? பக்கத்து வீட்டுக் கராஜ் எங்கள் வீடு இல்லையே. துப்பாக்கியை வாங்கி அவருடைய இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

மாட்டிக்கொண்டது பார்சலில். எஃகு உறையை ஆர்டர் செய்தபோது கை வழக்கத்தில் என் விலாசத்தையே தட்டிவிட்டது. என் மனைவி தன் பார்சல் என்று நினைத்துப் பிரித்துவிட்டாள். நான் வாக்கிங் முடித்து வந்தபோது அதைக் கண்ணருகே பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இதென்னதுங்க?"

"குழல்" என்றேன். குழலுக்கு மேல் மாட்டுவது என்று வாக்கியத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது. "சந்தகைக்குங்களா?"

சந்தகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரிசியை ஊறவைத்து ஆட்டி, அவித்து, சூட்டோடு அச்சில் போட்டுப் பிழிவது. இடியாப்பத்துக்கு அண்ணன். வெந்த மாவு என்பதால் பிழிவதற்குக் கையில் பலம் வேண்டும். அவளுக்கு மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சந்தகை நின்றுபோயிற்று. நியூ ஜெர்சியில் ஐசலினின் இந்தியக் கடைகளில் வாங்கிய அச்சுகள் ஒவ்வொன்றாகக் காது உடைந்தன. "நீங்க இஞ்சினியர்தானுங்களே, ஒரு மிஷின் செஞ்சு குடுங்களே" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்போது நான் எதுவுமே சொல்லவில்லை.

"ஓட்டை பெருசா இருக்குதே?"

"அது மேல் உறை."

"இந்தக் கொக்கி?"

"முன்னால ஒண்ணு மாட்டறதுக்கு."

"ஓ, அச்சுத் தட்டத்துக்கா! நல்ல ரோசனை." உறையைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். "இத்தன வருசம் களிச்சுக் காதுல உளுந்துச்சே உங்களுக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர்ப்பக்கப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "அங்கிள் சூப்பர்! அப்படியே முறுக்குக்கும் ஒரு அச்சு போடச் சொல்லுங்க ஆன்ட்டி." "எங்க வீட்ல பல்பு மாட்டறதுக்கே ரெண்டு வாரம் ரிமைண்ட் பண்ணோணும்." அவள் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். குரலில் அப்படி ஒரு மிதப்பு. கல்யாணம் ஆனதிலிருந்து என்னைப் பற்றி அவள் பீற்றிக்கொண்டு நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்து பீற்றிக்கொள்ள நான் எதுவும் செய்ததும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கராஜில் மரக் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிவிட்டு வந்தால், "என்ன வாசம்?" என்பாள். "மரத்துக்கு எண்ணெய் போட்டேன்" என்பேன். உண்மை. விரல் நசுங்கி வந்தால், "எதுல மாட்டிக்கிட்டீங்க?" "முன்னும் பின்னும் தள்ற பாகத்துல." அதுவும் உண்மை. உண்மையை மட்டுமே பேசி ஒருத்தியை ஒரு மாதம் ஏமாற்ற முடியும்.

ஒருநாள் ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு அவளே பக்கத்து வீட்டுக் கராஜுக்கு வந்துவிட்டாள். நான் துப்பாக்கியின் மேல் ஒரு டவலைப் போட்டேன். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் இதற்குச் சம்மதித்தது பெரிய விஷயம், அம்மா" என்றார் அவர். "எல்லா மனைவிமாரும் ஒப்புக்கொள்வதில்லை."

"நான் எதுக்கண்ணா வேண்டாங்கறேன்? எனக்கே ரொம்ப நாள் ஆசை."

"உங்களுக்கா!"

"சின்ன வயசுல இருந்தே. ஒரு தடவ அமுக்குனா எத்தன வரும்?"

"ஒன்பது. எல்லாம் ஒரே நேரத்தில்."

"ஒம்பதுதானா?" அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "பரவால்ல, மொதல் தடவ செய்யறாரு. எங்க அம்மா ஊட்ல பெருசு ஒண்ணு இருந்துச்சு. மூணு கால் வெச்சது."

"மூன்று கால்!" அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதை யார் இயக்குவார்கள்?"

"எங்க அம்மாவும் பெரியம்மாவும். ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ள போட்டுக்கிட்டே இருக்கோணும், ஒருத்தர் அமுக்கோணும்."

"உங்கள் அம்மாவா!"

"கல்யாணம்னா விடியறதுக்குள்ள ஐநூறு பேர முடிச்சுருவாங்க."

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். கராஜ் வாசலுக்குப் போய், அவள் எங்கள் வீட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தாழ்ந்த குரலில், "டாக்டர், உங்கள் மாமியார் எந்தப் போரில் இருந்தார்?" என்று கேட்டார்.

"அவர்கள் கொங்கு நாடு" என்றேன். அவர் மரியாதையோடு தலையை ஆட்டினார். அதையும் நான் திருத்தவில்லை.

துப்பாக்கி தயாரானது. நல்ல அழகு, இப்போதும் அதை மறுக்க மாட்டேன். சுடும் மைதானத்துக்குப் போய்ச் சுட்டேன். இலக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தோள்பட்டை கத்திரிக்காய் நிறத்தில் கன்றிவிட்டது. வீட்டில் சட்டையைக் கழற்றும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"மிஷின டெஸ்ட் பண்ணீங்களாக்கும்?"

"ம்."

அவள் தைலத்தை எடுத்துவந்து, வலிக்கிற மணிக்கட்டோடு, என் தோளைத் தேய்த்துவிட்டாள். "ஒரு சந்தகைக்கு இத்தன பாடா? எனக்காக நீங்க ஒண்ணும் செஞ்சதில்லைன்னு மனசுக்குள்ள ஒரு கொறை இருந்துச்சுங்க. இனி அப்படி நெனைக்க மாட்டேன்." கொஞ்சம் தேய்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கறேன்."

அந்த வாரம் நான் வேலை செய்தது போல் என் உத்தியோகத்தில் ஒருநாளும் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மனைவிக்குச் சேவை பிழிய ஒரு கருவி அவசரமாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கார் டயர் மாற்றும்போது வண்டியைத் தூக்குகிற ஜாக்கி இருக்கிறதே, அதைப் புதிதாக ஒன்று வாங்கி, இரும்புச் சட்டத்தில் நிறுத்தினோம். துருப்பிடிக்காத எஃகில் ஓர் உருளை, அடியில் பொடி ஓட்டை போட்ட ஒரு தட்டு. ஜாக்கியின் கைப்பிடியை ஒரு விரலால் அமுக்கினால் போதும், மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. முதல் சோதனையில் மாவு பக்கவாட்டில் பீய்ச்சி அவருடைய மூக்குக் கண்ணாடியில் அப்பியது. "துப்பாக்கியை விட இது ஆபத்தானது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கராஜில் நல்ல கூட்டம். என் மனைவி புதுச் சேலையில், ஒரு கையால், சிரித்துக்கொண்டே அமுக்கினாள். சந்தகை வெள்ளை வெளேரென்று இறங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். தேங்காய்ப்பால் ஊற்றி முதல் தட்டை அவள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார், கண்ணை மூடினார், நல்ல மனசோடு எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "அம்மா, இதைப் பாராட்டுகிறீர்களே, அந்த ஷாட்கன்னையும் எடுத்து வரட்டுமா? டாக்டர் அதை இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்."

"எந்த ஷாட்கன்?"

"டீ கொண்டுவந்த அன்று கேட்டீர்களே. அதுதான், மேலே ஓட்டை ஓட்டையாக."

அவள் என்னைப் பார்த்தாள். "கொழலு" என்றாள். பிறகு அடுத்த தட்டை எடுத்து, "யாருக்குங்க எலுமிச்ச, யாருக்குத் தக்காளி?" என்று பரிமாறப் போய்விட்டாள்.

எல்லாரும் போன பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். "ஊட்டுக்குள்ள வரலையேன்னு சொல்லுவீங்க. அதும் நெசந்தான். நீங்க சொன்னது எல்லாமே நெசந்தான். நாந்தான் கிறுக்கி." குழாயை மூடினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தச் சந்தகை மிஷினாச்சும் எனக்குன்னு செஞ்சீங்களா?"

அவள் என்ன பதிலை எதிர்பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் சும்மா நின்றிருந்தாலே ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

"இல்ல அம்மிணி. மாட்டிக்கக் கூடாதுன்னு செஞ்சேன்."

அவள் கையைத் துடைத்தாள். எனக்கென்று மூடி வைத்திருந்த சந்தகையை ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டினாள். "அந்த அண்ணாவுக்குக் குடுத்துட்டு வாங்க. துப்பாக்கிய அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க. டாக்டரில்லைன்னும் சொல்லீட்டு வாங்க."

போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இல்லை என்றதும் அவர் யோசித்தார். "அப்படியானால் அந்த வெந்தயம்?"

"என் மனைவி சொல்லிக் கேட்டது."

"முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். துப்பாக்கியையும் சங்கடப்படாமல் தானே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். மாமியார் விஷயத்துக்கு வந்தபோதுதான் முகம் விழுந்தது. "அந்த மூன்று கால்?" என்று கேட்டார். "இதே பலகாரம் பிழியத்தான்" என்றேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தட்டு இல்லை. அவள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லீட்டீங்களா?"

"சொல்லிட்டேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார்."

"டாக்டரில்லைன்னா?"

"அதுக்கில்ல. உங்க அம்மா பட்டாளத்துல இருந்தாங்கன்னு நெனச்சிருந்தார். மூணு கால் பீரங்கி வெச்சு, விடியறதுக்குள்ள ஐநூறு பேர முடிச்சாங்கன்னு." எல்லாவற்றையும் முழு வாக்கியமாகச் சொன்னேன்.

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஐநூறுன்னா சொன்னேன்? எங்க பெரியக்கா கல்யாணத்துல ஆயரம் பேருக்குப் புளிஞ்சாங்க. போயி அதையும் திருத்தீட்டு வாங்க."