வெள்ளச்சியின் வயிற்றில் இருந்தது

நூற்றாண்டு மலர்க் குழுவினர் ஒரு பொய்யை அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். நாற்பத்தேழாம் பக்கம். எங்கள் கிறிஸ்தவ சபையின் பழைய உபதேசியாரைப் பற்றிய கட்டுரை அது. ஞாயிற்று முட்டைக் காணிக்கையை அவர் கண்ணும் கருத்துமாக நடத்தினாராம். ஒளித்து வைத்தவர்களைச் சபை நடுவில் கண்டித்துத் திருத்தினாராம். ஒளித்தவர்கள் என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். நான் அறிய முட்டைக்காக அந்தச் சபையில் கண்டிக்கப்பட்டவள் ஒருத்திதான். அவள் என் அம்மை. அவள் எதையும் ஒளிக்கவில்லை.

மலர் நேற்றுத் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், புது மையின் வாடை. பேரன் வாசித்துக் காட்டுகிறேன் என்றான். வேண்டாம், எனக்கு இன்னும் கண் இருக்கிறது என்று பிடுங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் மையின் வாடை போய் வேறொரு வாடை வந்தது. உமியும் கோழிப்பீயும் காய்ந்த பனையோலையும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலுக்குள் எப்போதும் அந்த வாடைதான் அடிக்கும். முட்டைப் பெட்டிகளின் வாடை.

உங்களுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்காது. கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முப்பதுகளில் அங்கே எந்த வீட்டிலும் ஞாயிறன்று கோழி இட்ட முட்டை வீட்டுக்காரிக்குச் சொந்தமில்லை, ஆண்டவருக்குச் சொந்தம். ஓலைப்பெட்டியில் உமி போட்டு, முட்டையை நட்டு வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கோழிக்கு ஞாயிறு தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பெண்களும் கேட்டார்கள். "ஆறு நாளும் கெறங்கிட்டுக் கெடக்கும், ஞாயித்துக்கெழமை மட்டும் தவறாம இடும், மூதேவி" என்று கோழியைத் திட்டிக்கொண்டேதான் கொண்டுவருவார்கள். ஆனால் கொண்டுவருவார்கள்.

அப்பா பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மை மரச்சீனிக் கிழங்கு நட்டும் கோழி வளர்த்தும் என்னைப் படிக்க வைத்தாள். பத்தொன்பது வயதில் நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சர். பள்ளி என்றால் வேறு கட்டடம் இல்லை. ஞாயிறு கோவில், திங்கள் பள்ளி; ஓடு வேய்ந்த ஒரே கட்டடம். இரண்டுக்கும் உபதேசியார்தான் அதிகாரம். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நடுவில் ஒரு பூவரசு வேலி. அந்த வேலிதான் வினையானது.

அம்மையிடம் நாலைந்து கோழி உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒன்றைத்தான், வெள்ளச்சியை. மிஷன் பங்களாவில் சீமையிலிருந்து வந்த வெள்ளைச் சேவல் ஒன்று நின்றது. அதனுடைய வித்து வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கோழியை ஓலைக் கடவத்தில் வைத்து, சம்பந்தம் பேசப் போவதுபோலப் பங்களா வேலியோரம் போய் நிற்பார்கள். அப்படி வந்த வம்சம் வெள்ளச்சி. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு இட்டு அடையில் உட்காரும். இவள் அடையைப் பற்றி நினைக்கவே மாட்டாள். இட்டுக்கொண்டே இருப்பாள். ஞாயிறும் தவறாது. அதனால் எங்கள் பெட்டி காலியாக இருந்ததே இல்லை.

கோழி நோவு எல்லாவற்றுக்கும் அம்மையிடம் கை மருந்து உண்டு. கால் செதில் தூக்கினால் தேங்காயெண்ணெய். தூங்கி விழுந்தால் ஈருள்ளி வெங்காயமும் நல்லமிளகும் சதைத்து உருட்டித் தொண்டையில் தள்ளுவாள். ஓடு, எங்கள் பேச்சில் தோடு, இல்லாமல் தோல்முட்டை இட்டால் சிப்பி இடித்துப் போடுவாள். கழிச்சல் வந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் கூட்டைத் திறந்து எண்ணிப் புதைப்பதுதான்.

வெள்ளச்சிக்கு வந்தது இது எதுவுமில்லை. முதலில் இரண்டு மூன்று தோல்முட்டை இட்டாள். சிப்பி போட்டாள் அம்மை. பிறகு முட்டையே இல்லை. வயிறு இறங்க ஆரம்பித்தது. பின்பக்கம் கனத்து, வாத்துபோல நிமிர்ந்து காலை அகட்டி அகட்டி நடந்தாள். கொண்டை வெளுத்தது. ஆனால் இதைக் கவனியுங்கள்: தினமும் காலையில் முட்டையிடும் கூடைக்குப் போவாள். உட்கார்ந்து முக்குவாள். இறங்கி வந்து ஊரே கேட்கக் கொக்கரிப்பாள். கூடையில் உமி மட்டும் கிடக்கும்.

அந்தக் கொக்கரிப்பு பூவரசு வேலியைத் தாண்டி உபதேசியார் காதில் விழுந்தது. மற்ற கோழிகள் அடையிலும் குஞ்சோடும் இருந்த நேரம்; மூன்று ஞாயிறு எங்கள் பெட்டி போகவில்லை.

நாலாவது ஞாயிறு எனக்கு முதல் ஓலை. கல்யாணம் நடக்கப்போகிறது என்று சபையில் மூன்று ஞாயிறு அறிவிப்பதை எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம். மாப்பிள்ளை அருமனை ஊர்க்காரர், கம்பவுண்டர். என் பெயரும் அவர் பெயரும் வாசிக்கக் கேட்டுக் குனிந்திருந்தேன். வாசித்து முடித்த உபதேசியார் தாளை மடித்துவிட்டு, ஏலத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை என்றார்.

"ஒரு வீட்டுல கோழி எல்லா நாளும் கொக்கரிக்கு. ஞாயித்துக்கெழமையும் கொக்கரிக்கு. என் காதால கேக்குதேன். முட்டை மட்டும் கோவிலுக்கு வந்து சேரல்ல. கோழி பொய் சொல்லுமா, மனுசி பொய் சொல்லுவாளா? நீங்களே யோசிச்சுக்கிடுங்க."

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சிரிக்கவில்லை. எல்லோரும் திரும்பி அம்மையைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் நான் பலகையில் எழுதத் திரும்பியபோது பின் வரிசையில் ஒரு பயல் "கொக் கொக் கொக்" என்றான். நான் பிரம்பை எடுக்கவில்லை. கேட்காததுபோல எழுதிக்கொண்டிருந்தேன். அன்று எழுதியது வாய்மையைப் பற்றிய பாடம் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். இல்லை, ஏழாம் வாய்ப்பாடுதான்.

அம்மை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோழியைக் காட்டினாள். அந்த மனிதருக்குக் கோழி பிடிக்கவே தெரியாது. ஒரு சிறகு அவர் கையிலும் மறு சிறகு அவர் முகத்திலுமாக வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இந்தா கெடக்கே கட்டி கட்டியா! இவ்வளவு முட்டை வயித்துல இருக்குத கோழியா இடல்ல?"

"உபதேசியாரய்யா, அது நோவாக்கும். ஒரு மாசமா இடல்ல."

"இடாத கோழி எதுக்குக் கொக்கரிக்கு?"

அம்மை கோழியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாற ஞாயிறு எழும்பி நின்னு மன்னிப்பு கேளு, நேசம். கேட்டா ரெண்டாம் ஓலை வாசிக்கேன். இல்லேன்னா உன் வீட்டு ஓலைய நான் தொட மாட்டேன்."

மறுபக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் ஐயா வழி மார்க்கத்துக்காரி; எங்கள் கோவிலுக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லாதவள். அவர் போனதும் வந்து கோழியை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள்.

"ஏட்டி நேசம், இது முட்டை இல்ல. நீரு. தோல்பையில தண்ணி கெட்டின மாதிரி தளும்புது பாரு."

"கட்டி தட்டுதே அக்கா?"

"கரு வழி தப்பி வயித்துக்குள்ள விழுந்து உறைஞ்சு கெடக்கு. எங்க கருப்பிக்கும் இதான் வந்துது. அதுக்குத் தெரியுமா உள்ள விழுந்துதா வெளிய விழுந்துதான்னு? இட்டாச்சுன்னு நெனச்சுக் கொக்கரிக்கு. அறுத்துக் கொண்டு அந்தாளு முன்னால போடு."

அம்மை கோழியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அறுத்தபெறவு முட்டை கெடந்தா?"

இதை எழுதக் கை கூசுகிறது. அம்மைக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது, எனக்கு வந்தது கோழிமேல் இல்லை. அம்மை தண்ணீர் கோரப் போன நேரத்தில் நெல்லுப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். விறகுக்கு அடியில் பார்த்தேன். என் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட முட்டை சேர்க்கிறாளோ என்று நினைத்தேன். கையில் உமி ஒட்டியிருக்க நிற்கும்போது அம்மை குடத்தோடு வந்துவிட்டாள். பார்த்தாள்.

"கெடச்சுதா மக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிறு வந்தது. அம்மை எழுந்து நின்றாள். "என் பேர்ல தப்பு இருந்தா சபை மன்னிக்கணும்" என்றாள்.

உபதேசியார் கையை உயர்த்தினார். "இருந்தா வேண்டாம். இருந்தா, கிருந்தான்னு இழுக்காத. ஒழுங்கா சொல்லு."

எங்கோ ஒரு பெட்டியில் முட்டை உருண்டு முட்டையில் தட்டியது கேட்டது.

"தப்பு. மன்னிக்கணும்" என்றாள் அம்மை.

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. நான் அப்போது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் வேலையும் போகக்கூடாது, கம்பவுண்டரும் போகக்கூடாது என்று பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். உபதேசியாரைத் திட்டுகிற வாயால் என்னையும் திட்டிவிடுகிறேன். நியாயம் அதுதான்.

மூன்றாம் ஓலை முடிந்த அந்த வாரத்தில் வெள்ளச்சி செத்தாள். முட்டையிடும் கூடையிலேயே செத்துக் கிடந்தாள். செல்லத்தாய் அக்கா பிச்சாத்திக் கத்தியோடு வந்தாள். வயிற்றைக் கீறியதும் தண்ணீர் கொட்டியது, மஞ்சள் தேய்த்துக் குளித்த தண்ணீர்போல. உள்ளே அவித்த கருபோன்ற உருண்டைகள். ஒன்றைப் பிளந்து காட்டினாள். வெங்காயம்போல அடுக்கடுக்காக இருந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. தோடுள்ள முட்டை ஒன்றுகூட இல்லை.

அம்மை எல்லாவற்றையும் ஒரு கமுகம்பாளையில் வைத்து ஏந்திக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். நானும் போனேன். உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அய்யோ, இந்த வேதனையோடயா நடந்துது அது" என்றாள். அந்த வீட்டில் அன்று அந்த அம்மா ஒருத்திதான் மனுஷி.

"கோவில்ல ஒரு வார்த்தை சொல்லணும் அய்யா" என்றாள் அம்மை.

"என்னன்னு?"

"நேசம் ஒளிக்கல்லன்னு."

அவர் ஓரடி பின்னால் தள்ளி நின்று சொன்னார்: "நீதான் மன்னிப்பு கேட்டாச்சே. கர்த்தர் மன்னிச்சாச்சு. மன்னிச்ச காரியத்தைத் திரும்பக் கிளறக்கூடாது. கொண்டு புதை, நாறுது."

அதற்கப்புறம் அம்மை கோழி வளர்க்கவில்லை. மற்ற கோழிகளைச் செல்லத்தாய் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். கோவிலில் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தவள் வாசலோரம் போய்விட்டாள், சாகும்வரை வாசலோரம்தான். நான் கல்யாணமாகி அருமனைக்கு வந்தேன். பேச்சு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கூடையில் முட்டை குறைந்தால் என் மாமியார் கோழியைப் பார்க்கமாட்டாள், என்னைப் பார்ப்பாள்.

இப்போது அந்த வழக்கம் இல்லை. ஓலைப்பெட்டி இல்லை, ஏலம் இல்லை. பூவரசு வேலி நின்ற இடத்தில் சிமெண்டுச் சுவர். ஓட்டுக் கோவிலை இடித்துக் கான்கிரீட்டில் கட்டிவிட்டார்கள். உள்ளே பெயிண்ட் வாடை. ஊரில் முட்டை கடையில் அட்டையில் அடுக்கி வருகிறது, எந்தக் கோழி எப்போது கொக்கரித்து இட்டதென்று யாருக்கும் தெரியாது. உபதேசியாரும் அவர் மனைவியும் போய்விட்டார்கள். செல்லத்தாய் அக்கா போய்விட்டாள். அந்தப் பாளையில் இருந்ததைக் கண்ணால் கண்டவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். நானும் போய்விட்டால் நாற்பத்தேழாம் பக்கம் மட்டும் இருக்கும்.

ஆகவே மலர்க் குழுவினரைக் கேட்கிறேன். ஒளித்தவர்கள் யார்? எந்த வீடு, எந்தக் கோழி, எந்த ஞாயிறு? எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, "பழைய காரியம்தானே அம்மா" என்று சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிறு, ஓலை வாசித்து முடித்ததும், என் அம்மையை நிறுத்திய அதே சபைக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். நான் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நேசம்மாள் ஒளிக்கவில்லை, நாங்கள் எழுதியது தப்பு என்று சொல்லுங்கள். தப்பு இருந்தால் என்று சொல்லாதீர்கள்.

இருந்தால் வேண்டாம்.