பேனாவுக்குப் பின்னால் வந்த கோடு

பாடநூல்களுக்குப் படம் வரைகிற அவரைப் பதிப்பகத்தில் எல்லாரும் 'நூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் பிடித்தாற்போலக் கோடு போடுகிறவர் என்பதால் வந்த பெயர். பூவின் குறுக்குவெட்டு, தவளையின் நரம்புகள், இதயத்தின் நான்கு அறைகள் என்று இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பார்த்துப் பார்த்துப் பழகிய படங்களில் பாதி அவர் கையிலிருந்து வந்தவை. முதலில் தாளில் மை தொட்டு வரைந்தார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கறுப்புப் பலகையின் மேல் மையில்லாத பேனாவை ஓட்டினால் கோடு திரையில் விழும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு எட்டு வயது. எழுந்து உட்காரவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. பெரிய படத்தைச் சேமிக்கச் சொன்னால் மூச்சுப் பிடித்து நின்றது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். பேனா போய்ச் சேர்ந்த பிறகுதான் கோடு வந்தது.

"நான் ரத்தக்குழாயை முடிச்சுட்டுக் கையை எடுத்துடறேன். இது அப்பத்தான் பாதி வழியில ஆடி அசைஞ்சு வந்துட்டிருக்கு" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். "பார்க்கச் சொல்லுங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் வந்தான். இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்கு அடியில் சின்னதாகக் கடை வைத்திருந்தவன். பதிப்பகத்துக் கம்ப்யூட்டர்களையும் அவன்தான் ஒப்பந்தத்தில் பராமரித்து வந்தான். தரையில் மண்டியிட்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான்.

"புதுசே வாங்கிடலாமா, இல்ல இதையே தேத்திடலாமா?" என்று கேட்டார் அவர்.

"போர்டு கல்லு மாதிரி இருக்கு சார். தூக்கிப்போட மனசு வரல. பழைய டிஸ்க்கை எடுத்துட்டு வேகமா ஓடற எஸ்எஸ்டி டிஸ்க் போடுவோம், மெமரியை இரட்டிப்பாக்குவோம். இன்னும் நாலு வருஷம் ஓடும்."

போட்டான். பொத்தானை அழுத்தி நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை விழித்துக்கொண்டது. அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் பேனாவை எடுத்து ஒரு வளைவு இழுத்ததும் முகம் சுருங்கிவிட்டது. கோடு பழையபடியே பின்னால் வந்தது.

மெக்கானிக் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வரையும் மென்பொருளைத் திறந்தான். உள்ளே ஏதோ ஒரு பக்கத்துக்குப் போனான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு திரும்பி அவரைப் பார்த்தான். பக்கத்தை மூடிவிட்டு எழுந்தான்.

"இதுக்கு மேல மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லைன்னா ஏன் இழுக்குது?"

அவன் பெட்டியின் மூடியைத் திருகி மாட்டினான். இன்னும் இரண்டு தடவை வரவழைத்தார். இரண்டு தடவையும் துடைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னான். கடைசித் தடவை அவர் வாய் தவறிவிட்டது. "எவனோ கழட்டிப்போட்ட சாமானைத் துடைச்சு மாட்டிட்டியா?" அவன் தன் பையை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். அறிவியல் புத்தகத்துக்கு இன்னும் பதினொரு படம் பாக்கி இருந்தது. ஏன் தாமதம் என்று பதிப்பாசிரியை கேட்டபோது, "உங்க மெக்கானிக் என் மெஷினைக் கெடுத்துட்டான். பழைய சாமானைப் புதுசுன்னு மாட்டியிருக்கான்" என்றார். அந்தம்மா அதைக் குறித்துக்கொண்டாள்.

புதுசு வாங்கியே தீருவது என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனார். விற்பனைப் பெண் வழவழப்பான ஒரு கம்ப்யூட்டரின் முன் அவரை உட்கார வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள். "படம் வரையறவங்க இதைத்தான் கேட்டு வர்றாங்க. வரைஞ்சு பாருங்க சார்."

இதயத்தின் மேலிருந்து வளைந்து இறங்கும் பெரிய குழாயை இழுத்தார். தூக்கத்தில் கேட்டாலும் வரைவார். கோடு இம்மியும் பின்தங்கவில்லை. பேனா முனையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. வந்த கோடு நடுங்கியிருந்தது. கரை முழுக்கக் கறையான் அரித்தது போல இருந்தது.

"மேஜை ஆடுது" என்றார்.

அந்தப் பெண் இரண்டு உள்ளங்கையாலும் மேஜையை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. அவர் இன்னொரு தடவை இழுத்தார். அதே கறையான்.

"இந்தப் பேனா சரியில்லை."

அவள் பேனாவை வாங்கி, அவர் கோட்டுக்குக் கீழே ஒன்று இழுத்தாள். சுத்தமாக விழுந்தது. "நல்லாத்தானே சார் இருக்கு? எனக்கு வரையவே தெரியாது" என்று சிரித்தாள்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். மெக்கானிக் திறந்து பார்த்த பக்கத்தைத் தேடி எடுத்தார். கோட்டைச் சீராக்கும் அமைப்பு அது. கையின் சின்னச் சின்ன உதறலை மென்பொருளே விழுங்கிவிட்டு, கோட்டை நேராக்கித் தரும். எண்ணைக் கூட்டக் கூட்டக் கோடு வழவழப்பாகும். அதற்கு விலையாக, கோடு அவ்வளவுக்கு அவ்வளவு பின்தங்கி வரும். எல்லாரும் ஐந்திலோ பத்திலோ வைத்திருப்பார்கள். அவருடையது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டில் இருந்தது.

வேறு யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. கூட்டியது அவர்தான். தவளை நரம்புக்காக ஒரு தடவை, காதின் உட்புறத்துக்காக ஒரு தடவை, இந்த ஒரு படத்துக்கு மட்டும் என்று கூட்டிக் கூட்டி, கூட்டியதையே மறந்துபோயிருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவர் அவர். நன்றாக ஆடத் தெரிந்தவளுக்குக் கால் போய்விட்டால் எதைக் கோணல் என்று சொல்வாள் என்பது அந்தக் கதையில் இல்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். "சட்டைப் பட்டன் போட நேரமாக ஆரம்பிச்சுதே, அப்ப. ஒரு வருஷம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கம்ப்யூட்டரைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. திட்டற வரைக்கும் திட்டட்டும்னு விட்டுட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சுங்க."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து ஒரு சுருள் வரையச் சொன்னார். நத்தை ஓட்டை நூறு தடவை வரைந்த மனிதர். சுருள் விரியாமல் உள்ளுக்குள்ளேயே நெருங்கி நெருங்கி முடிச்சாகிப் போனது. டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, மூளையில் சுரக்க வேண்டிய ஒன்று குறைந்துவிட்டது என்றார். பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். மாத்திரை நடுக்கத்தை அமுக்கி வைக்குமாம். போனதைத் திருப்பித் தராதாம்.

"வேலை பார்க்கலாமா டாக்டர்?"

"பார்க்கலாம். என்ன வேலைங்கிறதைத்தான் யோசிக்கணும்."

மறுநாள் மெக்கானிக்கின் கடைக்குப் போனார். பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே அவன் ஒயர்களைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கே பார்த்துட்டே, இல்ல?"

"முதல் நாளே பார்த்தேன் சார். தொண்ணூத்திரண்டு இருந்துச்சு. எதுக்குடா இவ்வளவுன்னு உங்க கையைப் பார்த்தேன்." ஒயரைக் கீழே வைத்தான். "மெஷின்ல கோளாறுன்னா பட்டுன்னு சொல்லிடுவேன். மனுஷன்கிட்ட எப்படி சார் சொல்றது?"

"நான் உன்னைப் பத்திப் பதிப்பகத்துல..."

"தெரியும். கூப்பிட்டு விட்டாங்க. சாமான் வாங்கின பில்லு எல்லாம் எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். நூல் சார் அப்படியெல்லாம் பொய் சொல்றவர் இல்லைன்னுட்டாங்க. ஒப்பந்தம் போச்சு. அது ஒண்ணை நம்பித்தான் கடை."

"நான் போய் உண்மையைச் சொல்றேன்."

"சொல்லுங்க சார். வேணாம்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவரை உட்காரச் சொல்லவில்லை.

பதிப்பாசிரியையிடம் எதையும் மறைக்கவில்லை. கை, சுருள், தொண்ணூற்றிரண்டு, மெக்கானிக் மேல் போட்ட பழி, எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் டம்ளரைத் தொடவில்லை. தொட்டால் தளும்பும் என்று தெரியும்.

"கம்ப்யூட்டரைப் பார்த்துக்க வேற கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோமே சார். ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது" என்றாள். பிறகு மேஜையில் அவர் பக்கம் இருந்த பதினொரு படங்களின் ஃபைலை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க."

மெக்கானிக் நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டார். மாடிப்படிக்கு அடியில் யாரோ செருப்புக் கடை வைத்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போவதை அவர் விட்டுவிட்டார்.

பெரிய கடையிலிருந்து இரண்டு மூன்று தடவை போன் வந்தது. "என்ன சொல்லட்டும்? வாங்கறோமா இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"இதுவே போதும்னு சொல்லிடு. நாலு வருஷம் ஓடும்னான். என்னைவிட நல்லாவே ஓடும்."

இப்போது பதிப்பகம் அவருக்கு வண்ணம் நிரப்பும் வேலை தருகிறது. வேறொருவர் வரைந்த கோடுகளுக்கு நடுவில் சொடுக்கினால் நிறம் தானே பரவிக்கொள்ளும். காலை மாத்திரை வேலை செய்கிற மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு படம் முடிப்பார். அவருடைய இடத்துக்கு வந்திருக்கும் பெண் வேகமாக வரைகிறவள். சிறுநீரகத்தின் படத்தில், வெளியே வர வேண்டிய ரத்தக்குழாயைத் தவறான இடத்தில் சேர்த்துவிட்டிருந்தாள். இப்படியே அச்சாகியிருந்தால் அத்தனை பிள்ளைகளும் தப்பாகப் படித்திருப்பார்கள். போன் செய்து சொன்னார்.

"ஐயோ, ஆமா சார்! ஒரே ஒரு கோடுதானே, நீங்களே இழுத்து விட்டுடுங்களேன்" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் மேஜையில் இருந்த பேனாவைத் தள்ளி வைத்தார்.

"இல்லம்மா. நீயே போட்டு அனுப்பு."

மத்தியானம் திருத்தி அனுப்பினாள். அவர் அடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கை அடங்குகிறவரை காத்திருந்து, அந்தக் குழாய்க்கு நீலம் நிரப்பினார்.