இருநூற்றுப் பதினோரு டேப்புகளை அழித்தவர்

தொலைக்காட்சி நிலையத்தில் அவரை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தொன்பது வருஷம் டேப் அறையில் வேலை. அறை வாசலில் ‘ஒளிநாடாக் காப்பகம்’ என்று பலகை தொங்கும். உள்ளே அவர் செய்த வேலை ஒளிநாடாக்களை அழிப்பது.

யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. புது டேப் கப்பலில் வரவேண்டும். வந்தாலும் எண்ணி நான்கு வரும். அதனால் ஒளிபரப்பாகி ஒரு வருஷம் ஆன டேப்பை எடுத்து அழித்து, மறுபடி பயன்படுத்துவது என்று விதி. விதியை அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். சரியான டேப்தானா என்று முதலில் இரண்டு நிமிஷம், நடுவில் இரண்டு நிமிஷம், கடைசியில் இரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தூர வைப்பார். ஒரு தடவை கழற்ற மறந்துபோய், அந்தக் கடிகாரம் அன்றிலிருந்து நாளுக்கு இருபது நிமிஷம் முந்தி ஓடியது. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். பிறகு டேப்பைக் காந்தப் பெட்டியின் மேல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றுவார். பெட்டி கொஞ்ச நேரம் முனகும். பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். மறுநாள் அதே டேப்பில் யாராவது தேனீ வளர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி அவர் கையால் போனதில் ஒன்று ‘தட்டினால் பத்து’. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்த நிகழ்ச்சி. மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு மேஜை மணி. கட்டம்போட்ட கோட்டுக்காரர் கேள்வி கேட்பார். முந்தி மணியைத் தட்டுகிறவருக்குத்தான் வாய்ப்பு. சரியாகச் சொன்னால் பத்து, தப்பாகச் சொன்னால் ஐந்து போகும், கேள்வியும் அடுத்தவருக்குப் போய்விடும். இருநூற்றுப் பதினோரு வாரம் ஓடியது. இருநூற்றுப் பதினொன்றையும் ரப்பர் அழித்தார்.

அவற்றில் ஒன்றில் அவருடைய மனைவி இருந்தாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். அப்போது முப்பத்தொரு வயது. அவளுக்கு உலகத்தில் தெரியாத மலை இல்லை, ஆறு இல்லை. தலைமையாசிரியைதான் விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போடு என்று நீட்டினார். பதிவு நடந்த அன்று அவள் வீட்டுக்கு வந்ததும், கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

“ஒரே ஒரு கேள்வில போச்சு,” என்றாள்.

“அடடா.”

“நூலிழை. ரெண்டாவது இடம்.”

நிலையத்தில் படப்பிடிப்புக் கூடத்து ஆட்கள் அதற்குப் பிறகு ஒரு வாரம் டேப் அறைப் பக்கமே வரவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மாலையில் அவர்கள் குடியிருந்த பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பள்ளிக்கூடமும் அதே பகுதிதான். டீச்சர்கள், பிள்ளைகள், பிள்ளைகளின் பெற்றோர்கள், ஒருவர் விடாமல் இருட்டில் உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டினார்கள். வெளியூரில் இருந்த அவளுடைய அண்ணன் மட்டும் பார்த்தார். ஆனால் அண்ணன் எதைப் பார்த்தாலும் கால்வாசியில் தூங்கிவிடுகிறவர். “நல்லா உக்காந்திருந்தே” என்று மட்டும் கடிதம் எழுதினார்.

ரப்பர் டேப் அறையில் இருந்த சின்னத் திரையில் முழுசாகப் பார்த்தார். தனியாகத்தான் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மெழுகுவர்த்திக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

“நீங்க பார்த்தீங்களா?”

“வேலையா இருந்தேன்.”

அவள் மெழுகுவர்த்தி அணைகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

மூன்றாவது வாரம் நிலையத்துக்குத் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்குப் பெருமை தேடித் தந்த டீச்சரின் நிகழ்ச்சியை ஆண்டு விழாவில் அறுநூறு பிள்ளைகளுக்கும் போட்டுக்காட்ட விரும்புகிறோம், டேப்பைத் தந்து உதவவேண்டும். மேலதிகாரி ‘ஆவன செய்க’ என்று எழுதி டேப் அறைக்கு அனுப்பினார். ரப்பர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தைக் கழற்றினார். இன்னும் நாற்பத்தொன்பது வாரம் இருக்கவேண்டிய டேப்பை எடுத்து, பெட்டியின் மேல் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக, நான்காவது சுற்றும் சுற்றினார். பதிவேட்டில் ‘டேப் சேதம்’ என்று எழுதினார். இருபத்தொன்பது வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் அவர் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

டேப்பை அழித்துவிட்டதாக மட்டும் வீட்டில் சொன்னார். எட்டாவது நாள் அவள் ஆரம்பித்தாள்.

“கட்டின பொண்டாட்டி மூஞ்சியையே அழிச்ச மனுஷன் இவர்.”

வீட்டுக்கு யார் வந்தாலும், உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இது வந்துவிடும். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் தெரியும். இல்லாத டேப்பைப் போல் வசதியான சாட்சி உலகத்தில் கிடையாது. ஒரு கேள்வி வித்தியாசம் என்பது நாலைந்து வருஷத்தில் ஒரு மார்க் வித்தியாசம் ஆயிற்று. ஐந்தும் பத்துமாகப் போடுகிற ஆட்டத்தில் ஒரு மார்க் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. பத்து வருஷத்தில், உண்மையில் அவள்தான் ஜெயித்திருக்கவேண்டும், கோட்டுக்காரர் கூட்டலில் தப்பு பண்ணிவிட்டார் என்று ஆயிற்று. “டேப் மட்டும் இருந்திருந்தா நிரூபிச்சிருப்பேன்,” என்பாள். ரப்பர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

இப்படி முப்பத்தாறு வருஷம் போயிற்று. இருவரும் ஓய்வு பெற்றார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். ஒரு நாள் காலையில் பல் டாக்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ‘பழைய ஒளிபரப்பு அன்பர்கள்’ என்று ஒரு சங்கம் இருப்பதாகவும், பதினாலு பேர் உறுப்பினர் என்றும், தான்தான் செயலாளர் என்றும் சொன்னார். சின்ன வயதில் ‘தட்டினால் பத்து’ பார்த்து வளர்ந்தவர்கள். அந்த மணிச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கமாட்டோமா என்று ஏங்குகிறவர்கள்.

“மொத்தம் எத்தனை சார் அழிச்சீங்க?”

“இருநூத்திப் பதினொண்ணு.”

பல் டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒண்ணுகூட மிச்சம் வெக்கலையா?”

“மிச்சம் வெச்சா அதுக்கு வேலைன்னு பேர் இல்லீங்களே.”

“என்னையே அழிச்சார்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் போட்டியாளர் என்று தெரிந்ததும் பல் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு மார்க் கதை, கூட்டல் தப்பு, எல்லாம் வந்தது. பல் டாக்டர் தேதியைக் குறித்துக்கொண்டு போனார்.

நாலு மாதம் கழித்துப் பல் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். இன்னொரு ஊரில் கேஸட் வாடகைக்கு விட்ட ஒருவரின் பரணில், வீட்டில் பதிவு செய்த கேஸட் ஒன்று கிடைத்திருக்கிறது. பூஞ்சை பிடித்திருந்தது. சங்கத்தில் உள்ள லிஃப்ட் மெக்கானிக் பஞ்சால் துடைத்துத் துடைத்து, கடைசிப் பதினாலு நிமிஷத்தை மீட்டுவிட்டார். உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே ‘தட்டினால் பத்து’ அதுதான். அம்மா இருக்கிற வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை, என் பல் மருத்துவமனை மாடியில் திரையிடுகிறோம், அம்மாதான் சிறப்பு விருந்தினர்.

“எனக்குத் தெரியும், கிடைக்கும்னு,” என்றாள் அவள். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கிப் பழக்கமில்லை. அன்று சாயங்காலமே பழைய தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். தலைமையாசிரியைக்கு எண்பத்தாறு வயது. கண்டிப்பாக வருகிறேன் என்றார்.

ரப்பருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாவது நாள் பல் வலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் காட்டாமலே கேட்டார்.

“அந்தக் கேஸட்டை நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார்.”

“மார்க் பார்த்தீங்களா?”

பல் டாக்டர் விளக்கைத் திருப்பி வைத்தார். “பார்த்தேன்.”

“அழிச்சுடலாம்.”

“சார்!”

“ரெண்டே நிமிஷம். நல்ல காந்தமா ஒண்ணு இருந்தா போதும்.”

“இது உங்களுக்குப் பழக்கதோஷம் சார். இருநூத்திப் பதினொண்ணுல ஒண்ணே ஒண்ணு தப்பிச்சிருக்கு. அதையும் கேக்கறீங்களே?”

வேறு வழியில்லாமல் ரப்பர் நடந்ததைச் சொன்னார். முழுசாக ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பல் டாக்டர் கேட்டுவிட்டு நெடுநேரம் கை கழுவினார். அழிக்க மட்டும் சம்மதிக்கவில்லை. வந்ததற்கு ஒரு கடைவாய்ப் பல்லை அடைத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் பதினாலு உறுப்பினர்களும் இருந்தார்கள். முன் வரிசையில் தலைமையாசிரியை, பக்கத்தில் டீச்சர், அதற்கடுத்து ரப்பர். திரையில் முதலில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. பிறகு கட்டம்போட்ட கோட்டு தெரிந்தது. பின்னாலிருந்த லிஃப்ட் மெக்கானிக் சத்தமாக மூக்கை உறிஞ்சினார்.

நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது, கை மணியின் மேல்.

“உலகத்திலேயே மிக உயரமான...” என்றார் கோட்டுக்காரர்.

டிங்.

“எவரெஸ்ட்!”

“நீர்வீழ்ச்சி எதுன்னு கேக்க வந்தேன்மா. அஞ்சு போச்சு.”

அடுத்த கேள்வி. “உலகத்தின் மிகச் சிறிய கண்டம்...”

டிங்.

“ஆஸ்திரேலியா!”

“ஆஸ்திரேலியா. அங்கே ஓடற மிக நீளமான ஆறு எதுங்கறது கேள்வி. அஞ்சு போச்சும்மா.”

ஒவ்வொரு கேள்விக்கும் அவள்தான் முந்தினாள். கேள்வி பாதியைத் தாண்டியதே கிடையாது. ஒன்றிரண்டு தவிர எல்லாம் தப்பு. எண் பலகையில் கழித்தல் குறி என்று ஒன்று செய்து வைத்திருக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு அதுவரை அது தேவைப்பட்டதில்லை. யாரோ அவசரத்துக்கு ஒரு ஸ்கேலை எண்ணுக்கு முன்னால் ஒட்டியிருந்தார்கள். அது சற்றுச் சாய்ந்திருந்தது. கடைசியில் முதல் இடத்துக்கு எழுபது. அவளுக்கு ஸ்கேல் பதினைந்து.

ரப்பர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு, கண் கொட்டாமல் பார்த்தாள்.

விளக்கைப் போட்டார்கள். பதினாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மணிச் சத்தம் அதேதான் என்றார் ஒருவர். கோட்டுக் கட்டம் நான் நினைத்ததைவிடப் பெரிது என்றார் இன்னொருவர். மார்க்கை யாரும் பேசவில்லை. தலைமையாசிரியை மட்டும் மெதுவாகத் திரும்பினார்.

“ஏம்மா, நீ இப்பவும் கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ளதான் பதில் சொல்றே.”

“ஆமா டீச்சர்.”

“நூலிழைன்னு சொன்னியே?”

பல் டாக்டர் தரையைப் பார்த்தார். டீச்சர் எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஒரு மார்க்ல தோத்தேன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன். எண்பத்தஞ்சு மார்க்ல தோத்திருக்கேன். என் பதில்ல தப்பில்ல. மலை அதுதான், கண்டமும் அதுதான். கேள்விதான் கடைசில திரும்பிடுச்சு.”

முதலில் சிரித்தவர் தலைமையாசிரியை. பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் கேட்டாள்.

“நீங்க எப்ப பார்த்தீங்க?”

“எதை?”

“நடிக்காதீங்க. திரையைப் பார்க்காம என்னையே பார்த்துட்டிருந்தீங்க. முன்னாடியே பார்த்தவர்தான் அப்படி உக்காருவார்.”

“ஒளிபரப்பான அன்னிக்கு.”

“ஒரு வருஷம் வெச்சிருக்கணும்னு விதி. கடிதாசி வந்த மறுநாளே அழிச்சீங்க.”

“அன்னிக்கேதான். மறுநாள் இல்ல.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“முப்பத்தாறு வருஷமா போறவங்க வர்றவங்க முன்னாடியெல்லாம் கரிச்சுக் கொட்டியிருக்கேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொல்லியிருந்தா மார்க் எவ்வளவுன்னு யாராவது கேட்டிருப்பாங்க.”

அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு டயர் கடையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, விழாவில் கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, முதலில் அவருக்கு நீட்டினாள். புதிதாக அடைத்த பல் என்பதால் அவர் மறுபக்கம் வைத்துக் கடித்தார்.

அந்தக் குற்றச்சாட்டு அன்றோடு நின்றது. அது எழுந்து போன இடத்தில், அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற விஷயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அதைக் கேட்கிறார்கள்.

சங்கத்தில் அவளை நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் போக அவளுக்குத் துணை வேண்டும் என்று அவரும் போனார். அங்கே ஒரு நாள் பேச்சுவாக்கில் யாரோ, அந்த நிகழ்ச்சியில் நீல மேஜை வந்தது எந்த வருஷம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “அறுபத்தி மூணாவது வாரம்,” என்றார் ரப்பர். “அன்னிக்கு நடுவுல இருந்த ஆளுக்குச் சட்டையில ஒரு பொத்தான் இல்ல.” சண்டை அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு டேப்பையும் அழிப்பதற்கு முன்னால் ஆறு நிமிஷம் பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்பது அப்போதுதான் பல் டாக்டருக்கு உறைத்தது.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லச் சொல்ல பல் டாக்டர் எழுதுகிறார். முதல் வாரத்திலிருந்து வரிசையாகத்தான் சொல்வார், சுவாரசியமானதை முதலில் சொல்லுங்கள் என்றால் முடியாது என்கிறார். ஒரு தடவை உட்கார்ந்தால் நாலு வாரத்து நிகழ்ச்சிதான் முடிகிறது. நூற்று எழுபத்தெட்டு வரை வந்திருக்கிறார்கள். கொஞ்சம் வேகமாகச் சொல்லக்கூடாதா என்று பல் டாக்டர் கெஞ்சுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர், அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொள்கிறாள்.