முறத்தில் புடைத்த மண்

தானியத்தைப் புடைப்பதுபோல மண்ணை முறத்தில் போட்டுப் புடைத்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில், என் அப்பாவுக்குச் சொந்தமான ஒரு சரிவு நிலத்தில் அது நடந்தது. புடைத்தவள் அந்த நிலத்தை வாரத்துக்கு உழுதவரின் மனைவி.

போர் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகைக்குப் போதிய காகிதம் கிடைக்கவில்லை. முதலில் பக்கங்களைக் குறைத்தார்கள், பிறகு ஆட்களை. நான் எங்கள் ஊரான காளப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்பி வந்து அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். அவருக்கு முழங்கால் வலி. மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே அன்றைக்கு ஒற்றையடிப் பாதைதான் என்பதால் மலை நிலத்தைப் பார்த்து வரும் வேலை எனக்கு வந்தது.

அது கடனுக்கு ஈடாக வந்த நிலம். ஒரு மலைக்காரரும் அவர் மனைவியும் அதில் கேழ்வரகும் சாமையும் விதைத்தார்கள். வாரம் என்றால் விளைவதில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. சர்க்காருக்குக் கட்டும் தீர்வை எங்கள் பொறுப்பு. விதை, எரு, உழைப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்த ஏற்பாட்டை மலையிலும் கீழேயும் நியாயமானது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நான் ஊருக்கு வருவதற்கு முன்பே விவசாய ஆபீசைச் சேர்ந்த ஒருவர் எங்கள் ஊரில் கம்போஸ்ட் குழியைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். தழை, சாம்பல், சாணம் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். நன்றாக மக்கினால் மண்ணுக்கு அதைவிடச் சிறந்த உணவு கிடையாது. அப்பா இதைக் கேட்டு மலைக்குச் சொல்லியனுப்பினார். அவருக்குக் காலணா செலவில்லாத யோசனை அது.

மேலே அது சும்மா வரவில்லை. கோடையில் அந்த இருவரும் கீழ்நாட்டுக்கு இறங்கிக் கூலிக்குப் போவது வழக்கம். அவர்கள் கையில் காசு புரள்வது அந்தப் பருவத்தில் மட்டும்தான். குழி வந்த பிறகு கூலிக்குப் போகவில்லை. பாறையும் மண்ணுமான தரையில் கடப்பாரையால் குழி தோண்டினார் கணவர். தழை வெட்டிச் சுமந்தார். கீழே ஓடையிலிருந்து மனைவி பானை பானையாகத் தண்ணீர் ஏற்றினாள். உப்பும் துணியும் அந்த ஆண்டு கடனில் வந்தன. முதல் விளைச்சல் எப்போதும்போலத்தான் இருந்தது. குப்பையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்களாம்.

நான் முதன்முதலில் போனபோது அவர்கள் இரண்டாவது கோடைக் குழியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“மண்ணுக்குச் சோறு போடச் சொன்னாருங்க உங்கப்பா. போடறோமுங்க,” என்றார் கணவர். “மண்ணு எங்களுக்கு எப்பப் போடும்னு அவரு சொல்லலீங்களே.”

“பெத்த புள்ளைக்குக்கூட நான் இத்தனை தண்ணி ஊத்துனதில்லீங்க சாமி,” என்றாள் மனைவி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

மூன்றாம் ஆண்டு மண் சோறு போட்டது. கேழ்வரகுக் கதிர்கள் மூடிய கைபோலத் திரண்டிருந்தன. கேலி செய்தவர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் பாதி, தலைச்சுமையாக எங்கள் வாசலில் வந்து இறங்கியது. அப்பா ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் தானியத்தை அள்ளிப் பார்த்தார்.

“நல்ல மண்ணுடா அது. நாந்தான் இத்தனை நாளாக் கண்டுக்காம உட்டுட்டேன்,” என்றார்.

எருவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த மாதமே வேறொரு மலைக்காரருக்கு நிலத்தைக் குத்தகைக்குப் பேசி முடித்தார். வாரத்தில் வந்த பாதியைவிடக் கூடுதலான தானியத்தை ஆண்டுதோறும் அளப்பதாக அந்த ஆள் ஒப்புக்கொண்டார். பழையவர்கள் வெளியேற வேண்டும்.

அவர்கள் பணம் கேட்கவில்லை. “இன்னும் ரெண்டு வெள்ளாமை எடுத்துக்கறோமுங்க. போட்டதத் தின்னுட்டு நாங்களே போயிடறோமுங்க,” என்று கணவர் எங்கள் வீடு வரை இறங்கி வந்து சொன்னார். அப்பா அசையவில்லை. எரு போடுவது வாரக்காரன் பொறுப்பு என்பது முதலிலேயே பேசிய பேச்சு என்றார். அது உண்மைதான்.

அவர்கள் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார்கள். நிலத்திலேயே கூட்டம் கூடியது. அப்பாவுக்காக நான் போனேன். தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை விட்டுப் போகிறவர் தான் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். குடிசை மரம், வேலி முள், குவித்து வைத்த எரு எல்லாம் அவருடையது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

“குழியில கெடந்தா எங்க எருவுங்க,” என்றாள் மனைவி. “அதையே நெலத்துல எறைச்சுட்டா அவுங்க எருவுங்களா? எந்த ஊரு ஞாயமுங்க இது?”

ஊர்க்கவுண்டர் கெட்டவர் அல்ல. அவளைப் பார்த்துச் சொன்னார்: “எருவா இருக்கற வரைக்கும் உங்களுது தாயி. எருவுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா, அது நெலத்துல இன்னும் கெடக்குன்னு ரெண்டு வெள்ளாமைக்கு நானே சொல்லி உடறேன். மண்ணாப் போயிருந்தா நெலத்துக்காரருது.”

புதுக் குத்தகைக்காரரின் மச்சான் கூட்டத்தின் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார்: “அப்ப மொறத்துல போட்டுப் பொடைச்சுப் பாருங்க. மண்ணு ஒரு பக்கம், எருவு ஒரு பக்கம் வந்துரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுந்து குடிசைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். முறத்தோடு திரும்பி வந்தாள்.

“உடு புள்ள,” என்றார் கணவர்.

அவள் கேட்கவில்லை. இரு கைகளாலும் மண்ணை அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தாள். தூசி காற்றில் போயிற்று. முறத்தில் கறுப்பு மண்ணும் சில கற்களும் நின்றன. இன்னோர் இடத்தில் அள்ளினாள். அங்கேயும் அதேதான். சாணத்தின் வாடைகூட இல்லை. பிசைந்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றாம் முறை முறத்தில் ஒரு நரம்பு கிடைத்தது. இலை முழுக்க மக்கி நடுநரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் பிடித்து உயர்த்தினாள்.

“இது எங்களுதுங்களா?”

“அது உன்னுதுதான் தாயி. எடுத்துக்க,” என்றார் ஊர்க்கவுண்டர். பிறகு என்னைப் பார்த்தார். விட்டுக்கொடுக்க முடியாது என்று அப்பா சொல்லியனுப்பியதைச் சொன்னேன். கூட்டம் கலைந்தது.

அரைகுறையாக மக்கிய எருவை அள்ளிக் கொட்டியிருந்தால், தண்டும் சருகுமாக முறம் நிறைந்திருக்கும். தீர்ப்பு அவர்கள் பக்கம் போயிருக்கும். வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றிக் கிளறியதால் சாட்சி இல்லாமல் போயிற்று. குடிசை மரத்தையும் வேலி முள்ளையும் சுமந்துகொண்டு போனார்கள். குழியின் அடியில் கிடந்ததையும் சுரண்டிக் கூடையில் எடுத்துக்கொண்டார்கள்.

புதிய குத்தகைக்காரர் குழியில் எதையும் போடவில்லை. அவர் ஏன் போட வேண்டும்? போட்டவருக்கு நடந்ததை அவரும் அருகில் இருந்து பார்த்தவர்தானே. இரண்டு ஆண்டு விளைச்சல் நன்றாக வந்தது. அதற்கடுத்த ஆண்டு சரிந்தது. “மண்ணு சலிச்சுப் போச்சு,” என்றார் அப்பா. அவர்கள் கேட்டிருந்ததும் இரண்டு வெள்ளாமைதான்.

இதற்கிடையே போர் முடிந்தது. பத்திரிகை என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விவசாயப் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. கம்போஸ்டைப் பற்றி நிறைய வந்தன. என்ன செலவு, என்ன வரவு, எத்தனை மடங்கு லாபம் என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். கணக்குகளில் பிழை இருக்காது. செலவு யாருக்கு, வரவு யாருக்கு என்பது மட்டும் எந்தக் கட்டுரையிலும் இருக்காது. பிழையில்லாத கட்டுரைகளை நான் அச்சுக்கு அனுப்பினேன்.

விளைச்சல் சரிந்த அந்த ஆண்டில் அப்பாவுக்காக மறுபடி மலை ஏறினேன். வழியில் இன்னொரு சரிவில் அந்தக் கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். வேறொருவரின் நிலம். அதுவும் வாரம்தான். பயிர் மெலிந்து வெளுத்திருந்தது. ஊடே தரையெங்கும் முழு இலைகளும் காய்ந்த தண்டுகளும் குச்சிகளும் கிடந்தன. குழியில் ஒரு நாள்கூடக் கிடந்த எருவாகத் தெரியவில்லை. பச்சைத் தழையை வெட்டி அப்படியே இறைத்திருக்கிறார்கள்.

“ஏனுங்க, இது மக்கவே இல்லையே,” என்றேன் கணவரிடம்.

அவர் களைக்கொத்தோடு குனிந்துகொண்டார். மனைவிதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“மக்குனா யாருதுன்னு தெரியாதுங்களே சாமி,” என்றாள்.