மூன்றரை மணித் தண்ணீர்

ஜொகூரில் கழிவுநீரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாராவது இருந்தால் வரச்சொல்லுங்கள், தேத்தண்ணி வாங்கித் தருகிறேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போயிருக்க வேண்டியவன், மலத்தொட்டி உறிஞ்சும் லோரியில் ஏறினேன். இன்று என் பெயரில் மூன்று லோரிகள் ஓடுகின்றன. ஒரு வீட்டுத் தொட்டியைத் திறந்து எட்டிப்பார்த்தால் போதும், அந்த வீட்டில் எத்தனை தலை, சமையலில் எண்ணெய் தாராளமா சிக்கனமா, எல்லாம் சொல்லிவிடுவேன்.

அதனால்தான் செடெனாக் பக்கம் நாங்கள் இருக்கும் தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, புதிய கழிவுநீர் நிலையம் கட்டத் திட்டம் போட்டபோது, அளவெடுக்க என்னைத் தேடி வந்தார்கள். வந்தவர் ஒரு பெண் இன்ஜினியர். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று காகிதத்தில் பெருக்கி வைத்திருந்தார்.

"இது புத்தகக் கணக்கு, அங்கிள். நிஜமா எவ்வளவு தண்ணி வருது, அதுல எவ்வளவு அழுக்கு இருக்குன்னு ரெண்டும் எனக்கு வேணும். தண்ணிய வச்சுத்தான் கழிவைச் சுத்தம் பண்ற குளம் எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ணுவேன். அழுக்க வச்சுத்தான் அந்தக் குளத்துல எவ்வளவு காத்து ஊதணும்னு முடிவு பண்ணுவேன்."

தாமானின் மொத்தக் கழிவும் வந்து சேரும் கடைசி மேன்ஹோலைத் திறந்தோம். மணிக்கு ஒரு தடவை கோல் விட்டு, குழாயில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு போத்தலில் பிடித்தும் வைக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் செய்யச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"தூங்குறவன் எப்படிமா கக்கூஸ் போவான்? காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி பத்து வரைக்கும் போதும்."

"உங்க பேச்சை நம்பி எழுதப்போறேன், அங்கிள்."

"தாராளமா எழுதுங்க."

நடுநிசியில் ஒரே ஒரு தடவை பார்த்தோம். குழாயின் அடியில் நூல்போல ஓடியது. அதே அளவையே காலை ஏழு வரைக்கும் தாளில் நிரப்பிவிட்டேன்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. தண்ணீர் புத்தகக் கணக்கைவிடக் குறைவு. சோதனைக்கூடத்திலிருந்து வந்த தாள், அழுக்கும் குறைவு என்றது. இன்ஜினியர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன அங்கிள் இது, தெளிஞ்ச ரசம் மாதிரி இருக்கு?"

"நிலத்துல ஊறுற தண்ணி குழாய் இடுக்கு வழியா உள்ள வருதுமா. இதுல நான் பழம் தின்னு கொட்டை போட்டவன், என்னைக் கேளுங்க."

அவர் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தாக வேண்டும். இரண்டு குளம் வரைந்திருந்த இடத்தில் இனி ஒன்று போதும் என்றார். "கான்கிரீட் ஊத்திட்டா ஊத்தினதுதான், அங்கிள். இடம் பத்தலைன்னா அழுக்கு நேரா ஆத்துக்குப் போகும். என் பேருதான் அதுல இருக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன், அரசாங்கத்துக்கு ஒரு குளத்தை மிச்சம் பண்ணிக் கொடுத்துவிட்டேன் என்று.

"எத்தனை மணிக்கு அளந்தீங்க?"

"ஏழு மணியிலிருந்து."

"அலமாக்! ஏழு மணிக்கு இங்க யாருங்க இருக்கா? பாதி தாமான் அப்ப சிங்கப்பூர் எல்லையில, உட்லண்ட்ஸ்ல வரிசையில நிக்குது. மூணரைக்கு எல்லா வீட்டு அடுப்படியிலயும் விளக்கு எரியுது. உங்களுக்குத்தான் கொறட்டை."

அவள் சொன்னது சரிதான். சிங்கப்பூர் போகும் பேக்டரி பஸ்ஸுகள் நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடும். அங்கே சாப்பாட்டு விலை கட்டாது என்று வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். அத்தனை பேரின் குளியலும், அரிசி கழுவிய தண்ணீரும், தாளித்த சட்டியும் அந்த ஒரு மணி நேரத்தில் குழாயில் இறங்குகின்றன. ஊரார் தொட்டியெல்லாம் தெரிந்த எனக்கு என் தெரு தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேக்டரி பஸ் கிடையாது; திங்கட்கிழமை விடிகாலை மூன்று மணிக்கே போய் மூடியைத் தூக்கினேன். முதலில் நூல்தான். மூன்றரைக்கு மேல் இரைச்சல் கேட்டது. நாலுக்குக் கோலை விட்டேன், முக்கால் குழாய் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், மசாலா வாடை.

இன்ஜினியரின் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

"என் அளவு தப்புமா."

முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் அறிக்கையை மூடி வைத்தார்.

"நான்தான் இருபத்து நாலு மணி நேரம்னு சொன்னேனே, அங்கிள்?"

"சொன்னீங்க."

"தூங்குறவன் எப்படிப் போவான்னு கேட்டீங்களே?"

"கேட்டேன். அவன் எழுந்துட்டாம்மா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, மேலதிகாரிக்குப் போன் போட்டு ஒரு வாரம் தவணை வாங்கினார். அந்த வாரம் முழுக்க, இரவும் பகலும், நானே நாற்காலி போட்டு மேன்ஹோல் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னளவுக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள், சொல்லுங்கள். இரண்டு குளமும் படத்துக்குத் திரும்பின. விடிகாலை வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விட, முன்னால் ஒரு தொட்டியும் சேர்ந்தது.

பழைய தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றார். "இது இருந்தாத்தான் ஏன் திரும்ப அளந்தோம்னு கேக்குறவங்களுக்குப் புரியும்." குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் கையெழுத்து எப்போதும் அரைப் பக்கத்துக்கு வரும். அன்றைக்குச் சின்னதாகப் போட்டேன்.