நாத்தனாருக்குத் துணையாகச் சிறைக்குப் போனது

அறுபதுகளின் நடுவில் என் நாத்தனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தாள். அதோடு குற்றவியல் என்று ஒரு பாடமும் உண்டு. நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவள். மீன் கழுவிக்கொண்டே அவள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்பேன், ஒன்றும் புரியாது.

பஃபலோ ரோட்டில் மாமனாரின் மளிகைக்கடை, மேல்மாடியில் வீடு. அவர் எதிரில் நின்று நான் பேசியதே கிடையாது. எதுவானாலும் மாமியார்தான் போய்ச் சொல்வார்.

அந்தப் பாடத்துக்குச் சிறையில் இருக்கும் பெண்களிடம் பேசி எழுத வேண்டும். "வெளியே போய்ப் பார்க்கிற பாடம்" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, துணைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அவள் உள்ளே போனாள். நான் கைதிகளைப் பார்க்க வந்தவர்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரம் வாடிக்கைக்காரர் ஒருவர் கடையில் கேட்டாராம்: "என்னண்ணே, உங்க மருமக ஜெயில் வாசல்ல உக்காந்திருந்துச்சாம்லா? யாரு உள்ள இருக்கா?"

மாமனார் மேலே வந்தார். மகளிடம், "படிச்சது போதும். வீட்டோட இரு" என்றார்.

"எழுதிக் குடுக்கலைன்னா ஃபெயிலாயிருவேன்ப்பா."

"ஆயிட்டுப் போ. திருடிங்ககிட்ட என்ன படிப்பு?"

மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். சொல்லி அனுப்ப ஆளில்லை. கதவுக்குப் பின்னால் நின்றபடி நானே சொல்லிவிட்டேன்: "மாமா, நானும்தான் போனேன். அங்க பயம் ஒண்ணுமில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ உள்ள போனியா?"

"இல்ல மாமா. வாசல்லதான்."

"அப்ப உள்ள இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவரோ, "அடுத்த தடவை நீயும் உள்ள போ. வந்து சொல்லு. அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்தப் பாடத்தின் ஆசிரியை எனக்கும் அனுமதி வாங்கித் தந்தார். உள்ளே ஒரு தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். நாத்தனாரின் கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயும் படிக்கிறியா?" என்றாள்.

"இல்லக்கா. மாமனார் போகச் சொன்னாரு."

"அடியாத்தி! என்னைய ஜட்ஜு அனுப்புனாரு, ஒன்னைய மாமனாரா?" என்று சிரித்தாள். அப்புறம் பேச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து மாமனார் எதிரில் நின்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"சாப்பாட்டுல உப்பே இல்லையாம் மாமா. பிள்ளைங்க ஞாபகமாவே இருக்காம்."

அவர், "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. யாராச்சும் கேட்டா, படிக்கப் போறோம்னு சொல்லுங்க" என்று கீழே இறங்கிப் போனார்.

அந்த ஆண்டு நாத்தனார் அந்தப் பாடத்தில் தேறினாள்.